பையில் விழுந்த சண்டை

வேப்பங்கரட்டு அடிவாரத்துத் தமியானு மடத்தில், சாப்பாட்டு அறைக்குப் போகிற நடையில், சுவரோரமாக அறுபத்தோரு ஆணிகள் வரிசையாக அடித்திருக்கும். ஒவ்வோர் ஆணிக்கு மேலேயும் பச்சைப் பெயின்டில் ஒரு பெயர் இருக்கும். பிரான்சிஸ்கன் சபையில் சேர வருகிற பையன்கள் இந்த மடத்தில் ஒரு வருஷம் நவதுறவிகளாக இருந்து, பழுப்பு அங்கி போட்டு, இடுப்பில் முடிச்சில்லாத வெள்ளைக் கயிறு கட்டி, செபிக்கவும் கூட்டவும் கழுவவும் பிச்சை எடுக்கவும் வாயை மூடிக்கொண்டிருக்கவும் பழகுவார்கள். வந்த அன்றைக்கே துண்டு தொங்கவிட ஆளுக்கோர் ஆணி கிடைக்கும், மேலே சாக்பீஸில் பெயர் எழுதுவார்கள். வருஷக் கடைசியில் மடத்துப் பெரியவர்கள் ஒன்பது பேரும் கூடி, இவன் இருக்கலாம் என்றால் மொச்சை, வேண்டாம் என்றால் உளுந்து என்று ஆளுக்கொரு பயறு ஒரு கலயத்தில் போடுவார்கள். இருக்கலாம் என்று வந்துவிட்டால் பையன் வார்த்தைப்பாடு கொடுப்பான், கயிற்றில் மூன்று முடிச்சு விழும், சாக்பீஸ் பெயர் பச்சைப் பெயின்ட் ஆகும். அப்புறம் அவன் ஆப்பிரிக்காவுக்குப் போனாலும் சரி, மேலே போய்ச் சேர்ந்தாலும் சரி, அந்த ஆணியை வேறொருத்தருக்குக் கொடுக்க மாட்டார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டால் ஓர் ஈரத்துணி போதும்.

அந்த வருஷம் வந்த மூன்று பேரில் சந்தியாகு ஒருத்தன். சிவகங்கைப் பக்கத்துக்காரன், வயது இருபத்து மூன்று, ஐந்து அண்ணன்களுக்கு அப்புறம் பிறந்தவன். அவன் வீட்டில் அவனுக்கென்று பாய் கிடையாது, யார் முதலில் எழுந்தார்களோ அவர் பாயில் படுத்துக்கொள்ள வேண்டியது. தட்டு கிடையாது, யார் முதலில் சாப்பிட்டார்களோ அவர் தட்டைக் கழுவிக்கொள்ள வேண்டியது. சட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்படி வளர்ந்தவனுக்கு மடத்துக்கு வந்த முதல் நாள் ஓர் ஆணியைக் காட்டி, இது உன்னுடையது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கி கொடுத்த போது கூட வராத அழுகை. தினமும் நடையைக் கடக்கும்போதெல்லாம் தன் பெயரை ஒரு தடவை பார்த்துக்கொள்வான், யாரும் பார்க்காத நேரத்தில் ஆணியைத் தொட்டும் பார்ப்பான். வைகாசியில் அந்தப் பெயர் பச்சையாக வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

ஆனால் அவனிடம் ஒரு வினை இருந்தது. யார் என்ன சொன்னாலும், எதை நீட்டினாலும், இல்லை, முடியாது, வேண்டாம் என்கிற மூன்று வார்த்தையும் அவன் வாயில் வராது. மற்ற இரண்டு பையன்களும் துவைக்கத் துணியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, துவைத்து முடிப்பதற்குள் காலைச் செபத்தைக் கோட்டை விட்டான். அது முதல் எச்சரிக்கை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தர், ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க தம்பி என்று ஓர் ஆட்டைக் கொடுத்துவிட்டுப் போக, அங்கியும் கயிறுமாக நாலு மணி நேரம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் ஆடுதான் அலுத்துப்போய் அவனை இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனது. அது இரண்டாவது எச்சரிக்கை.

எச்சரிக்கை கொடுப்பவர் ரெமிஜியுஸ் சாமி, நவதுறவிகளின் பயிற்சியாளர். திருச்சபைச் சட்டம் ரோமாபுரி வரைக்கும் போய்ப் படித்தவர். குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் யாருக்கோ எச்சரிக்கை வரப்போகிறது என்று அர்த்தம். மடத்துக்குப் பிச்சையெடுக்கப் போகிறவர்களுக்கு நாலு விதி உண்டு என்று முதல் வாரமே அவர்தான் மனப்பாடம் பண்ண வைத்தார். பையில் விழுவது எதுவானாலும் மறுக்கக் கூடாது. விழுந்ததை மறுநாளைக்கு வைத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பந்தியில் வைத்து எல்லாரும் பகிர வேண்டும். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. நம்மைவிட இல்லாதவர் வந்து கேட்டால் மட்டும், வாயில் வைத்ததாக இருந்தாலும் கொடுத்துவிட வேண்டும்.

பங்குனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், சந்தியாகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு கரட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேலக்குடியிருப்புக்குப் போனான். ஒரு வீட்டில் அரைப்படி அரிசி, ஒரு வீட்டில் நாலு கத்திரிக்காய், ஒரு வீட்டில் நிலக்கடலை என்று வாங்கிக்கொண்டே போனவன், தெருக்கோடியில் இருளாயி வீட்டு வாசலில் நின்றான். அவள் வீட்டையும் ஒட்டினாற்போல் இருந்த பஞ்சவர்ணத்தின் வீட்டையும் ஒரு குட்டிச்சுவர் பிரித்தது. அண்ணனுக்கு இருளாயியும் தம்பிக்குப் பஞ்சவர்ணமும் வாக்கப்பட்டு வந்த ஓரகத்திகள். பதினாலு வருஷத்துக்கு முந்தி இருளாயியின் சாம்பல் கோழி சுவரேறிக் குதித்துப் பஞ்சவர்ணத்தின் வைக்கோல் படப்பில் முட்டையிட்டது, முட்டை யாருக்கு என்று அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. கோழி அடுத்த வருஷமே செத்துப்போயிற்று. சண்டைக்கு மட்டும் ஆயுசு கெட்டி.

அன்றைக்கும் சுவருக்கு இரண்டு பக்கமும் வார்த்தை பறந்துகொண்டிருந்தது. சந்தியாகு நடுவில் நின்று, மடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, இந்த வீட்டுக்குச் சமாதானம் உண்டாகட்டும் என்றான். இருளாயி திரும்பிப் பார்த்தாள்.

"சமாதானமா? அதை வைக்க இங்க எடம் ஏது சாமி? பதினாலு வருசமா வீடு பூராச் சண்டைதான் அடைஞ்சு கெடக்கு. வேணும்னா அதை எடுத்துட்டுப் போ. சோறு இன்னொரு நாளைக்குப் போடறேன்."

வேறு எவனாக இருந்தாலும் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பான். சந்தியாகு பையின் வாயை விரித்துப் பிடித்தான். இருளாயி அவனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், இவன் விளையாடவில்லை என்று தெரிந்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குட்டிச்சுவருக்குப் போனாள். சுவரில் தட்டிக் காயவைத்த வரட்டியை உரிப்பது மாதிரி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் சண்டையை உரித்து, மடித்து, கொண்டுவந்து அவன் பையில் போட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாதி வசவில் இருந்த பஞ்சவர்ணம் அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே போய் உலையைப் பார்த்தாள். பை நாலு படி கேப்பையைக் கொட்டினது போல் கனத்தது. சந்தியாகு நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

மடத்துக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது அரிசி விழுந்தது, கத்திரிக்காய் விழுந்தது, கடலை விழுந்தது, சண்டை விழவில்லை. பைத்துணியில் அப்பிக்கொண்டிருந்தது. சொல்லத்தான் நினைத்தான். ரெமிஜியுஸ் சாமி அங்கே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், மூன்றாவது எச்சரிக்கை வந்தால் உளுந்துதான் என்று எல்லாருக்கும் தெரியும். பயந்துபோய், பையைக் கொண்டுபோய்த் தன் ஆணியில் மாட்டி, மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டுச் செபத்துக்குப் போய்விட்டான். மறுநாளைக்கு வைத்திருக்கக் கூடாது என்கிற விதி அப்படித்தான் உடைந்தது.

மறுநாள் காலையில், செபம் முடிந்து எல்லாரும் பலகையில் வரிசையாக உட்கார்ந்து, வழக்கம்போல் பேச்சில்லாமல் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சமையல் கஸ்பார் பிரதர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் மடத்துக்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது, ரெமிஜியுஸ் சாமியும் அதே வருஷம்தான் வந்தவர். முப்பத்தொரு வருஷத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது இன்னும் கொஞ்சம், போதும், நன்றி, இந்த மூன்றும்தான். அவ்வளவு மரியாதை. கஸ்பார் பிரதர் கரண்டியைச் சாமியின் தட்டுக்கு மேலே பிடித்தபடி நின்று, தன் சொந்தக் குரலில், ஆனால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"எங் கோழி ஒன் படப்புல முட்ட போட்டா அது ஒன் முட்டையாயிருமா?"

ரெமிஜியுஸ் சாமி தலைநிமிர்ந்தார். ரோமாபுரி வரைக்கும் படித்த வாய் பட்டென்று பதில் சொன்னது.

"ஒன் கோழிக்கு எம் படப்புல என்னடி சோலி?"

பந்தியில் ஒருத்தர் தொண்டையில் உப்புமா அடைத்துக்கொண்டது. அப்புறம் இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை. மாமியார் பெரிய பித்தளை அண்டாவை யாருக்குக் கொடுத்தாள், யார் யாரைப் பார்த்துக் காறித் துப்பினாள், யார் மகள் சடங்குக்கு யார் வரவில்லை, யார் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டி கூடக் கொண்டுவராமல் வந்தவள் என்று, பெண் வாடையே இல்லாத அந்த மடத்தில், நரைத்த தாடியும் பழுப்பு அங்கியுமாக இரண்டு துறவிகள் கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டார்கள். முடிந்ததும் இரண்டு பேரும் மூச்சு வாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். மன்னிக்கணும் சாமி, என்ன பேசினேன்னே தெரியல என்றார் கஸ்பார் பிரதர். பரவாயில்லை பிரதர், உப்புமா இன்னும் கொஞ்சம் போடுங்க என்றார் ரெமிஜியுஸ் சாமி. அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை மடத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

மடத்துத் தலைவர் அல்போன்ஸ் சாமி நிதானமான மனுஷர், பூகம்பம் வந்தாலும் முதலில் பாத்திரத்தை இறக்கி வைக்கச் சொல்கிறவர். மடத்தில் கோழி இருக்கிறதா என்று விசாரித்தார். கோழி வளர்த்தே நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். அதற்கு மேலும் தாங்க முடியாமல் சந்தியாகு எழுந்து, எல்லார் முன்னாலும் முழங்காலில் நின்று, இருளாயி வீட்டு வாசலில் நடந்ததையும், பயத்தில் பையை ஆணியில் மாட்டி மூடினதையும் ஒன்று விடாமல் சொன்னான். சண்டையை எப்படிப் பையில் வாங்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. விதிப்படி வாங்கித்தான் ஆக வேண்டும், அதில் தப்பே இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. அன்றைக்கே பந்தியில் ஏன் வைக்கவில்லை என்பதுதான் கேள்வி. வைத்ததால் புளித்துப்போய்க் கசிந்திருக்கிறது, பக்கத்து ஆணிக்காரர்கள் மேல் பட்டிருக்கிறது என்றார் அல்போன்ஸ் சாமி. கஸ்பார் பிரதரின் ஆணியும் ரெமிஜியுஸ் சாமியின் ஆணியும் இருந்த மூலையில்தான் இந்த வருஷம் இடம் மிச்சம் இருந்து, சந்தியாகுவின் ஆணியை அடித்திருந்தார்கள்.

ரெமிஜியுஸ் சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தியாகுவைத் தனியே கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"இது மூணாவது, தம்பி. வைகாசி மாசம் என் கையில உளுந்துதான் இருக்கும். முன்னாடியே சொல்லிடறது நியாயம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். கலயத்தில் ஓர் உளுந்து விழுந்தால், போட்டவர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும், பையனை வைத்துக்கொள்ளலாம். இரண்டு விழுந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பயிற்சியாளர் உளுந்து போடுவார் என்று தெரிந்தால் இன்னொருத்தர் போடாமலா இருப்பார்? சந்தியாகு தலையை ஆட்டிவிட்டு, நடைக்குப் போய், சாக்பீஸ் பெயருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான்.

மடம் என்றால் நடக்க வேண்டியது நடக்க வேண்டும். பிச்சையில் வந்தது சாப்பாடு, சாப்பாட்டை வீணாக்கக் கூடாது, ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாத அளவு இருந்தால் தினமும் ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்து தீர்க்க வேண்டும் என்று அல்போன்ஸ் சாமி முடிவு பண்ணினார். கால அட்டவணைப் பலகையில், மதியச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் நடுவில், "1.30 முதல் 1.45 வரை: சண்டை" என்று எழுதி மாட்டினார்கள். மணி அடித்ததும் பை பந்தியில் ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் கைக்குப் போகும், ஆளுக்கொரு பிடி எடுத்துக்கொள்வார்கள், எதிரில் உட்கார்ந்திருப்பவரோடு கால் மணி நேரம் போடுவார்கள். மணி அடித்தால் நிறுத்திவிட்டு நன்றி செபம் சொல்லிவிட்டுப் படுக்கப் போவார்கள். தவக்காலத்தில் இது தகுமா என்று ஒருத்தர் கேட்டார். மீன் உண்டு, முட்டை உண்டு, சண்டை கூடாது என்று எங்கும் எழுதவில்லை என்று சட்டம் படித்த ரெமிஜியுஸ் சாமியே சொல்லிவிட்டார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். எண்பத்தாறு வயதில் நாற்காலியை விட்டு எழும்பாத ஒரு பெரியவருக்குப் பித்தளை அண்டாப் பங்கு கிடைத்தது, அவர் அதற்காக மேஜையைத் தட்டின தட்டலில் நாலு வருஷமாக வராத பசி வந்துவிட்டது. பையன்களில் ஒருத்தனுக்குச் சடங்குக்கு எடுத்த அரக்குப் பட்டுப்பாவாடை வந்தது, அவன் அதை நினைத்து நினைத்து ஏங்கினான். தபால்காரர் சரியாக ஒன்றரை மணிக்கு வர ஆரம்பித்தார், கடிதம் இல்லாத நாளிலும் வந்தார். கால் மணி நேரம் கத்தினவர்களுக்கு மதியத் தூக்கம் அப்படி வந்தது, சாயங்காலச் செபத்தில் குரல் அப்படித் திறந்தது.

கஸ்பார் பிரதருக்கும் ரெமிஜியுஸ் சாமிக்கும் மட்டும் கால் மணி நேரம் போதவில்லை. மிச்சத்தை முடிக்கிறேன் என்று சாமி அடுப்படிக்குப் போவார். அங்கே கோழிச் சண்டைக்கு நடுவில் அவர்களுடைய சொந்த விஷயமும் ஒன்றிரண்டு வாய் தவறி விழும். அப்படித்தான் பிரதருக்கு இடது முட்டியில் எட்டு வருஷமாக வலி என்று சாமிக்குத் தெரிந்தது. அப்படித்தான், வாரத்துக்கு மூன்று தரம் போடுகிற பூசணிக்காய்க் குழம்பைச் சாமி முப்பத்தொரு வருஷமாகப் பிடிக்காமலே விழுங்கி வந்திருக்கிறார் என்று பிரதருக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று பிரதர் கேட்டார். கேட்டதை வாங்குவது அல்ல, கிடைத்ததை வாங்குவது தானே நம் வாழ்க்கை என்றார் சாமி. பிரதருக்கு அன்றைக்கு நிஜமாகவே கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் கோழி இல்லை.

வெங்காயம் உரித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சந்தியாகுவுக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகவும் ஒரு பக்கம் துக்கமாகவும் இருந்தது. வீடு கலகலவென்று ஆகிவிட்டது, ஆனால் கலகலப்பான வீட்டில் அவன் ஆணி மட்டும் இன்னும் இரண்டு மாசத்துக்குத்தான்.

இருபதாம் நாள் பை தட்டையாகிவிட்டது. அடியில் ஒரு பிடிக்கும் குறைவாகத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. கொண்டுவந்தவனே கடைசிப் பிடியை எடுக்கட்டும் என்று அல்போன்ஸ் சாமி சொல்லி, சந்தியாகு பைக்குள் கையை விடப் போன நேரத்தில், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். இருளாயி நின்றாள். கரட்டைச் சுற்றி வெயிலோடு நடந்து வந்ததில் முகம் கறுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. கையில் சொம்பை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அதைக் குடுத்திருங்க சாமி. பதினாலு வருசமா விடிஞ்சா அவ கொரல்லதான் எந்திரிப்பேன். ஏசினாலும் அவ கொரல். இப்ப அந்தப் பக்கம் ஆளு இருக்கா, செத்தாளான்னு தெரியல. எதுக்க வந்தா ரோட்டுல போறவ மாரி போறா. நானும் போறேன். பேசறதுக்கு எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல சாமி, அது ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் நான் தூக்கிக் குடுத்துட்டேன்."

எல்லாரும் ரெமிஜியுஸ் சாமியைப் பார்த்தார்கள். அவர் முகமும் வாடித்தான் இருந்தது, ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறது. பிச்சையாக வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை அம்மா, மன்னிக்கணும் என்றார். இருளாயி சொம்பைக் கீழே வைத்தாள்.

அப்போதுதான் சந்தியாகு வாயைத் திறந்தான். ஆட்டைக் கொடுத்தவரிடம் வராத வார்த்தை, அழுக்குத் துணி கொடுத்தவர்களிடம் வராத வார்த்தை, பிறந்ததிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை, வரக் கூடாத ஆளிடம் வந்தது.

"இல்ல சாமி."

மடமே அவனைத் திரும்பிப் பார்த்தது. உளுந்துதான், பெட்டிதான், ஈரத்துணிதான் என்று தெரிந்தே மேலே சொன்னான்.

"அவங்க திருப்பிக் கேக்கல சாமி. பிச்சை கேக்கறாங்க. சண்டை போடக்கூட ஆளில்லாம வந்து நிக்கறாங்க. நாம இங்க பன்னெண்டு பேரு இருக்கோம்."

ரெமிஜியுஸ் சாமி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் வாய்க்குள் நாலாவது விதியை ஒரு தரம் சொல்லிப் பார்த்தார், உள்ளே போனார், பையை அவரே எடுத்துக்கொண்டு வந்தார்.

இருளாயி மடியை விரித்தாள். சாமி பையின் உட்புறத்தை வெளியே திருப்பி உதற, அடியில் ஒட்டியிருந்த கடைசிப் பிடி அவள் மடியில் விழுந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது. குரல் அவளுடையது, வார்த்தை அவளுடையது அல்ல.

"ஒம் மக சடங்குக்கு நீ ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனேக்கா. சீலையெல்லாம் உடுத்திக்கிட்டு வாசல்லயே தான நின்னேன்."

இருளாயி தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தாள். அக்கா என்ற சொல்லைப் பதினாலு வருஷத்துக்கு அப்புறம் கேட்கிறாள், அதுவும் தன் வாயாலேயே. இது என்னுது இல்ல சாமி, இது அவளுது என்றாள். அவகிட்டக் கொண்டுபோய்க் குடுத்துடறேன் என்றாள். மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வந்ததைவிட வேகமாக, கரட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். தண்ணீரைக் குடிக்கவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தியாகு மேலக்குடியிருப்புக்குப் போனபோது குட்டிச்சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு இடித்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே முறத்தின் முன் உட்கார்ந்து அவரைக்காயை உரித்துக்கொண்டு, சுவரை இடித்தது சரியா, இன்னும் இரண்டு அடி தள்ளி இடித்திருக்க வேண்டுமா என்று தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் பஞ்சவர்ணம் இரண்டு கை அவரையை அள்ளிப் போட்டாள், இருளாயி மூன்று கை அள்ளிப் போட்டாள், யார் அதிகம் போட்டது என்று அதற்கும் ஒரு சுற்று ஆரம்பித்தது. சந்தியாகு பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அங்கிருந்து நழுவினான்.

மடத்தில்தான் ஒன்றரை மணி சூன்யமாகிவிட்டது. பலகையில் எழுதினதை யாரும் அழிக்கவில்லை, மணியும் வழக்கத்தில் அடித்துவிடும், எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தபால்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கஸ்பார் பிரதரும் ரெமிஜியுஸ் சாமியும் பழையபடி இன்னும் கொஞ்சம், போதும், நன்றி என்றார்கள். ஆனால் பூசணிக்காய் மட்டும் பந்திக்கு வரவே இல்லை.

வைகாசி வந்தது. கூடுகிற அன்றைக்கு ஒன்பது பேரும் சாப்பாட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதல் இரண்டு பையன்களுக்கும் சீக்கிரமே முடிந்துவிட்டது, எல்லாம் மொச்சை. அவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தோட்டத்துப் பக்கம் ஓடினார்கள். சந்தியாகு நடையில், தன் ஆணிக்கு நேராக நின்றான். உள்ளே கலயத்தில் ஒவ்வொன்றாகப் பயறு விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அல்போன்ஸ் சாமி எண்ணுகிறது கேட்டது: மொச்சை, மொச்சை, மொச்சை, உளுந்து. சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் எண்ணினது காதில் ஏறவில்லை. உள்ளே யாரோ எழுந்து ஏதோ சொன்னார்கள், உடனே இன்னொரு குரல், அதற்கு மேலே இன்னொரு குரல், மேஜையைத் தட்டுகிற சத்தம் என்று ஒரே கூச்சலாகிவிட்டது. நம்மால்தான் இத்தனை சண்டை என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கதவு திறந்தது. ரெமிஜியுஸ் சாமி மட்டும் வெளியே வந்தார், முகம் சிவந்திருந்தது, கையில் ஈரத்துணி.

அவனைப் பார்க்காமலே சுவருக்குப் போனார். அவன் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார். சாக்பீஸ் பெயரை ஒரே இழுப்பில் துடைத்தார், இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தார், சுவர் வெறும் சுவர் ஆயிற்று. சந்தியாகு தோளில் விழுந்த துண்டைப் பிடித்துக்கொண்டான். ஐந்து அண்ணன்களில் எந்த அண்ணன் பாய் காலியாக இருக்கும் என்று யோசித்தான். கண் நிறைந்து, முன்னால் இருந்த அறுபத்தோரு பெயரும் ஒரே பச்சையாகக் கலங்கித் தெரிந்தன.

"சாக்பீஸ் மேல பெயின்ட் ஒட்டாது. காயணும்" என்றார் ரெமிஜியுஸ் சாமி. "டப்பாவை எங்க?"

பின்னாலேயே கஸ்பார் பிரதர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி, ஒரு கையில் பச்சைப் பெயின்ட் டப்பாவோடு வந்தார். சண்டையை உள்ளே பாதியில் விட்டுவிட்டு வந்தவர் போல, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். அந்த ஒரே ஓர் உளுந்து நான் போட்டதுதான், அதில் எனக்கு வெட்கமே இல்லை, மொச்சை போட்டால் மறுநாளே இவனைப் படிப்புக்கு மதுரைக்கு அனுப்பிவிடுவீர்கள், இன்னும் ஆறு மாசம் இங்கேயே பழகட்டும் என்று சொல்லி வைத்தால் என்ன குறைந்துபோகும், வெங்காயம் யார் உரிப்பது என்றார். உளுந்து போடுவேன் என்று சொன்ன நானே மொச்சை போட்டிருக்கிறேன், நீங்கள் வெங்காயத்துக்காகப் பையன் வாழ்க்கையில் உளுந்து போடுவீர்களா, முப்பத்தொரு வருஷம் பூசணிக்காயைப் போட்டு என்னைக் கொன்றது போதாதா என்றார் ரெமிஜியுஸ் சாமி. பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா என்றார் பிரதர். அறை வாசலில் மற்ற ஏழு பேரும் கூடி நின்று ஆசை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார் பையிலிருந்தும் வராத, மடத்திலேயே விளைந்த சண்டை. அல்போன்ஸ் சாமி கடிகாரத்தைப் பார்த்து, மணி பன்னிரண்டுதானே ஆகிறது, மிச்சத்தை ஒன்றரைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கஸ்பார் பிரதர் கடைசி முயற்சியாகச் சந்தியாகு பக்கம் திரும்பினார். அவன் இல்லை என்று சொல்லத் தெரியாதவன் என்பதில் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

"நீயே சொல்லு தம்பி. இன்னும் ஆறு மாசம் இருந்துட்டுப் போயேன். சாக்பீஸ்லயே இருக்கட்டும் பேரு."

சந்தியாகு கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"முடியாது பிரதர்" என்றான்.

ரெமிஜியுஸ் சாமி பிரஷை டப்பாவில் முக்கினார். பிரஷில் பெயின்ட் கொஞ்சம் அதிகமாக ஏறிவிட்டது, முதல் எழுத்திலிருந்து ஒரு சொட்டுப் பச்சை ஆணித் தலையில் வழிந்தது. துடைக்கப் போனவரை, அது இருக்கட்டும், அப்போதுதான் யார் எழுதினது என்று தெரியும் என்று கஸ்பார் பிரதர் தடுத்தார். அதற்கும் ஒரு பதில் சாமியிடம் இருந்தது. பெயின்ட் காய்கிற வரைக்கும் துண்டு மாட்டக் கூடாது என்றார்கள். சந்தியாகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காயட்டும் என்று அங்கேயே நின்றான்.